கண்ணாடிப் பெட்டிக்கு நீளம்

கண்ணாடிக்கடை ஜெபமணி மறுபடி கூப்பிட்டார்.
"மேடம், பெட்டிக்கு நீளம் சொல்லுங்க,
ஷீட்டு வந்து எட்டு நாளாச்சு."
சொல்கிறேன் என்றேன்.

கிரியாட்டினின் ஒன்று புள்ளி பூஜ்யம் நான்கு என்று
எழுதிக் கையெழுத்துப் போடுகிறவள் நான்.
கீழக்கரை முழுக்க என் எண்ணை நம்பி
உப்பைக் குறைக்கிறது, கூட்டுகிறது.
ஒரு தோணியின் நீளம் எனக்குத் தெரியவில்லை.

பத்ஹுல் முபீன்.
கொழும்புக்கு ஓடு ஏற்றிப்போய்
பாக்கு ஏற்றி வந்தது.
பெரிய புயலுக்கு முன்பே
விறகு விலைக்குப் போய்விட்டது.
அடிக்குக் கால் அங்குலம் என்று வைத்து
பூவரசம் பலகை இழைத்து வைத்திருக்கிறேன்,
அறுக்கவில்லை.

வரைபடம் கேட்டேன்.
கரையில் மணலில்தான் கீறினார்களாம்.
அன்றைக்கே நண்டு நடந்திருக்கும்.

துறைமுகச் சீட்டில் எழுபத்திரண்டு அடி.
கடன் பத்திரத்தில் எண்பத்தொன்று.
அதே வருஷம், அதே கையெழுத்து.
வரி கட்டப் போகையில் சுருங்கி
கடன் வாங்கப் போகையில் நீண்டிருக்கிறது.
கயிறுகூட நனைந்தால்
ஏதாவது ஒரு பக்கம்தான் மாறும்.

பாகப்பிரிவினைப் பத்திரமும் கிடைத்தது, ஒன்பது பக்கம்.
யாருக்கு அரைக்கால், யாருக்கு மாகாணி,
மூத்தவள் மகளுக்கு வீசத்தில் பாதி
எல்லாம் இருக்கிறது.
எதில் பாதி என்று மட்டும்
ஒருவரும் அளக்கவில்லை.

பிறகு அந்தப் போட்டோ.
கரையேற்றிய தோணியின் சுக்கானை ஒட்டி
கையைத் தொங்கவிட்டு நிற்கிறார்
தண்டல் சேகு உதுமான்.
பின்னால் ஒரு ஆடு, பாதி அசைந்து மங்கியது.
தண்டலின் உயரம் அவர் வீட்டிலேயே தெரியவில்லை.
"நெட்டை" என்றார் ஒரு பேரன்.
"நடுத்தரம்" என்றார் இன்னொருவர், நெட்டையானவர்.

டெய்லர் காசிமின் பழைய நோட்டில் கிடைத்தது:
சே.உ. தண்டல். முழுக்கை 23½. கழுத்து 15.
பாக்கி ஒரு ரூபாய் நாலணா.
தையல்காரருக்குப் பொய் சொல்லக் காரணமில்லை.
கை குட்டையானால் சட்டை திரும்பி வரும்.

போட்டோவில் கை பதினொரு மில்லிமீட்டர்.
சுக்கான் ஐம்பத்தைந்து.
ஐந்து கை ஒரு சுக்கான்,
ஒன்பது அடி ஒன்பதரை அங்குலம்.
அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை,
சந்தோஷத்தில்.

தொண்டியில் இரண்டு தச்சர்கள், அண்ணன் தம்பி.
ஏரா நீளம் எட்டு சுக்கான் என்றார் அண்ணன்.
ஏழரை என்றார் தம்பி.
போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு
நான் மாவு பிசைந்தேன்.
அவர்கள் முடிக்கவில்லை.
எட்டு என்றால் எழுபத்தெட்டு அடி நாலு அங்குலம்.
ஏழரை என்றால் சுங்கக்காரர் பக்கம் சாய்கிறது.

போகட்டும், சுக்கானாவது சரி என்று
போட்டோவை லேபுக்குக் கொண்டுபோய்
லென்ஸுக்கடியில் வைத்தேன்.
மணிக்கட்டுக்கு மேலே
ஒரு வெள்ளைக் கோடு.
சட்டைக் கையை
ஒரு மடிப்பு மடித்து விட்டிருக்கிறார்.

ஒரு மடிப்பு எத்தனை அங்குலம்?
என் வீட்டுக்காரர் சட்டையில் ஒன்றே முக்கால்.
காலையில் முதலில் வந்த நோயாளிக்கு இரண்டு.
ஊசி குத்துவதற்கு முன்
சட்டைக் கையை அளந்தது
அவருக்குப் பிடிக்கவில்லை.

ஜெபமணியைக் கூப்பிட்டேன்.
"இருபத்துநாலு அங்குலம் போடுங்க."
கடன் பத்திரத்துத் தோணி வந்தாலும்
அணியம் இடிக்காமல் படுத்துக்கொள்ளும்.
"முடிவா?" என்றார்.
பெட்டி முடிவு என்றேன்.

பலகையில் மூன்று பென்சில் கோடு.
எதில் அறுப்பது என்று அப்புறம் பார்க்கலாம்.
முதலில் தண்டலைச் செதுக்குகிறேன்.
தீக்குச்சித் துண்டில் அவர் கை,
அரை அங்குலத்துக்கு மயிரிழை குறைவு.
மடிப்பை மட்டும்
வெள்ளை நூலால் ஒரு சுற்றுச் சுற்றினேன்.

காசிம் நோட்டில் அந்த ஒன்றேகால் ரூபாய்
அடிக்கப்படாமலேயே இருக்கிறது.